குனிந்தால் முதுகு கெட்டுவிடுமா? இடுப்பு வலி: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

இடுப்பு வலி பற்றிய சந்தேகங்களை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களைச் சேர்ந்தவை. எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறோம். டெல்டா பகுதியில் நெடுங்காலமாகப் பணியாற்றும் மறுவாழ்வு மருத்துவர் பதிலளிக்கிறார்.

என் தந்தைக்கு 67 வயது. உப்பளத்தில் வேலை பார்த்தவர். இரண்டு மாதமாக நடுமுதுகும் இடுப்பும் வலிக்கின்றன. இரவில் புரண்டு படுத்தால்கூட அலறுகிறார். மாலையானால் லேசாகக் காய்ச்சல் அடிக்கிறது. சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகும் அளவுக்கு மெலிந்துவிட்டார். சுளுக்கு வழித்துப் பார்த்தோம், கேட்கவில்லை. எந்தத் தைலம் தேய்க்கலாம்? – வாசகர், வேதாரண்யம்

வரிசையை மாற்றி இந்தக் கடிதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பத்திரிகை கைக்கு வரும்வரை நீங்கள் காத்திருக்கக் கூடாது என்பதால் ஆசிரியர் குழு வழியாக நேரிலும் சொல்லி அனுப்பிவிட்டேன். தைலம் வேண்டாம்; தேய்க்கவும் வேண்டாம், வழிக்கவும் வேண்டாம். தந்தையை உடனடியாக அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மாலைக் காய்ச்சல், மெலிவு, ஓய்வெடுத்தாலும் தணியாத இரவு வலி ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் முதுகெலும்புக் காசநோயை நினைக்க வேண்டும். காசநோய்க் கிருமி ரத்தத்தின் வழியாக முதுகெலும்பை அடைந்து, எலும்பை அரித்து, பக்கத்தில் சீழ்க்கட்டியை உண்டாக்கும். கவனிக்காமல் விட்டால் தண்டுவடம் நசுங்கிக் கால்கள் செயலிழந்துவிடும். இருமல் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. ஸ்கேன், தேவைப்பட்டால் பாதித்த இடத்திலிருந்து எடுக்கும் மாதிரியில் கிருமிப் பரிசோதனை ஆகியவற்றால் இதை உறுதிப்படுத்தலாம். மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். நுரையீரல் காசநோயைவிட நீண்ட காலம், பெரும்பாலும் ஓராண்டு அல்லது அதற்கு மேலும் சாப்பிட வேண்டியிருக்கும். இந்த வயதில் புராஸ்டேட் சுரப்பியிலிருந்தோ வேறு உறுப்பிலிருந்தோ முதுகெலும்புக்குப் பரவிய புற்றுநோயும் இப்படியே தொடங்கலாம் என்பதால் அதையும் பார்த்துவிடுவார்கள்.

மற்ற வாசகர்களும் மனத்தில் வைக்க வேண்டிய சில அறிகுறிகள் உண்டு. சிறுநீர் கழிக்க முடியாமல் போவது அல்லது அறியாமல் வெளியேறுவது, சைக்கிள் இருக்கையில் படும் இடம் மரத்துப்போவது, இரண்டு கால்களும் வலுவிழப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரவாக இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முன்பு புற்றுநோய் வந்தவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள், கீழே விழுந்தபின் வலி தொடங்கிய முதியவர்கள் ஆகியோரும் தாமதிக்கக் கூடாது. இடுப்பு வலியோடு வருபவர்களில் இத்தகையோர் மிகச் சிலரே. இனி வரும் பதில்கள் இந்த அறிகுறிகள் இல்லாத மற்றவர்களுக்கானவை.

என் அம்மாவுக்கு 46 வயது. சிறுவயதிலிருந்து நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். நான்கு ஆண்டுகளாக இடுப்பு வலி. ஸ்கேனில் எல்4, எல்5 எலும்புகளுக்கு இடையே ஜவ்வு பிதுங்கியிருப்பதாகவும் தேய்மானம் இருப்பதாகவும் எழுதியிருக்கிறது. குனியக் கூடாது, தரையில் உட்காரக் கூடாது, குடம் தூக்கக் கூடாது, பெல்ட் போட வேண்டும் என்றார்கள். ஒன்றரை ஆண்டாக அப்படியே இருக்கிறார். வலி கூடித்தான் இருக்கிறது. இப்போது பேருந்து நிறுத்தம்வரை நடக்கவும் பயப்படுகிறார். தேய்ந்தது தேய்ந்ததுதானா? – வாசகி, மன்னார்குடி

உங்கள் அம்மாவுக்கு இந்தப் பதிலை நீங்களே உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள் அம்மா. அவர் கேட்டிருக்க வேண்டிய செய்தி இதுவரை அவர் காதுக்கு எட்டவில்லை என்றே உங்கள் கடிதம் சொல்கிறது.

முதலில் ஸ்கேன். முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வெளியானது. அதன்படி, எந்த வலியும் இல்லாத இருபது வயதுக்காரர்களிலேயே நூற்றுக்கு 37 பேருக்கு ஜவ்வுத் தேய்மானம் தெரிகிறது. ஐம்பது வயதில் அது 80 பேராகிறது. ஜவ்வுப் பிதுக்கம் இருபது வயதில் 30 பேருக்கும் ஐம்பது வயதில் 60 பேருக்கும் காணப்படுகிறது. ஆகவே, உங்கள் அம்மாவோடு வரிசையில் நின்று நடவு நடும், வலி என்று ஒரு நாளும் சொல்லாத பெண்களை ஸ்கேன் எடுத்தாலும் அவர்களில் பாதிப் பேருக்கு மேல் இதே வரிகள் அறிக்கையில் வரும். வயதோடு முதுகெலும்பில் நேரும் மாற்றத்தை ஸ்கேன் காட்டுகிறது. வலிக்கு அதுதான் காரணம் என்று அந்தப் படத்தை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. காலுக்கு இறங்கும் வலியும் மரப்பும் வலுவிழப்பும் இருந்து, அவை படத்தில் தெரியும் நரம்போடு பொருந்தினால் மட்டுமே அந்தப் பிதுக்கத்துக்கு முக்கியத்துவம் தர வேண்டும்.

அடுத்தது ஓய்வு. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்டது என்கிறோம். தசையிலோ தசைநாரிலோ அடி பட்டிருந்தால் அந்தக் காலத்துக்குள் அது பெரும்பாலும் ஆறிவிடும். அதன்பிறகும் வலி இருப்பது, உள்ளே இன்னும் எதுவோ கிழிந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம் அன்று. ஆனால், குனியாதே, உட்காராதே என்று கேட்டுக் கேட்டு ஒருவர் நடமாட்டத்தைக் குறைக்கும்போது முதுகைத் தாங்கும் தசைகள் மெலிகின்றன, மூட்டுகள் விறைக்கின்றன, சிறு அசைவுக்கே வலி எழுகிறது. வலி எழுவதால் பயம் கூடி, அசைவு மேலும் குறைகிறது. உங்கள் அம்மாவின் ஒன்றரை ஆண்டு இந்தச் சுழலில்தான் கழிந்திருக்கிறது. திடீரென்று இடுப்பு பிடித்துக்கொண்டவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இரண்டு நாளும் மற்றொன்றுக்கு ஏழு நாளும் படுக்கை ஓய்வு சொல்லிப் பார்த்த அமெரிக்க ஆய்வு 1986இலேயே வெளியாகிவிட்டது. இரண்டு நாள் பிரிவினர் இழந்த வேலைநாள்கள் மற்றவர்களைவிட 45 சதவீதம் குறைவு. வலி குறைந்ததிலோ இரு பிரிவுக்கும் வேறுபாடில்லை. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கென்று வெளியிட்ட வழிகாட்டுதல், முறையான உடற்பயிற்சியையும் நோயைப் பற்றிய விளக்கத்தையும் பரிந்துரைக்கிறது. இடுப்பு பெல்ட்டையும், எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷன் சிகிச்சையையும் வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. நாற்பது ஆண்டாகத் தெரிந்த ஒன்று நம் ஊர் மருந்துச்சீட்டுகளில் இன்னும் ஏறவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஏனென்றால் அதன் விலையைக் கொடுப்பவர் கூலி இழக்கும் பெண்.

நடவு வேலை முதுகை வருத்தவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். நடுபவரை வரப்பில் நின்று பார்த்தால் தெரியும். முழங்காலை ஏறக்குறைய நேராக வைத்து இடுப்பிலிருந்து மடிந்து, இடது முழங்கையைத் தொடையில் ஊன்றி, அந்தக் கையில் நாற்று முடியைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மூன்று நான்கு நாற்றாகப் பிரித்துச் சேற்றில் ஊன்றியபடி பின்னோக்கி நகர்கிறார். அவரை வருத்துவது குனிவது அன்று. வரப்பு வரும்வரை நிமிராமலே இருப்பது. ஒரே நிலையில் நெடுநேரம் இழுபட்டு நிற்கும் தசைநார்கள் தளர்கின்றன, தசைகளுக்கு ரத்த ஓட்டம் குறைகிறது. கால் மணிக்கு ஒருமுறை நிமிர்ந்து, இரு கைகளையும் இடுப்பில் ஊன்றி, நாலைந்து முறை பின்னால் சாய்ந்துவிட்டு மறுபடி குனிந்தால் இந்தச் சுமை வெகுவாக இறங்கும். ஏக்கர் கணக்கில் ஒப்பந்தம் பேசும் நடவில் ஒருவர் மட்டும் நிமிர்ந்து நின்றால் வரிசை தடைபடும் என்பது எனக்குத் தெரியும். கூட நடுபவர்கள் எல்லோரும் சேர்ந்து நிமிர்வதென்று பேசிக்கொள்வதே அதற்கு வழி.

இப்போது அம்மா தொடங்க வேண்டியது இதுதான். பெல்ட்டை ஒரே நாளில் கழற்ற வேண்டாம். அணியும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து இரண்டு மூன்று வாரத்தில் நிறுத்தட்டும். காலையும் மாலையும் தெருவில் ஐந்து நிமிடம் நடக்கட்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு நிமிடம் கூட்டட்டும். உடம்பு நன்றாக இருக்கும் நாளில் அதிகமாக நடந்துவிடுவதும், வலிக்கும் நாளில் அறவே நிறுத்திவிடுவதும்தான் பலரைப் பழைய இடத்துக்கே கொண்டுவருகின்றன. எனவே, வலி எப்படியிருந்தாலும் அன்றைக்குக் குறித்த அளவை மட்டும் முடிக்கட்டும். மணைப்பலகையில் உட்கார்ந்து எழுந்து பழகியபின் தரைக்கு வரலாம். பாதிக் குடத்தில் தொடங்கி முழுக் குடத்துக்குப் போகலாம். முதல் இரண்டு வாரம் வலி சற்றுக் கூடலாம். மறுநாள் அது பழைய அளவுக்குத் தணிந்துவிட்டால் கெடுதல் எதுவும் நேரவில்லை என்று கொள்ளுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் வேறுபாடு தெரியும். வலி முழுவதும் போகாமலும் இருக்கலாம். ஆனால் பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி நடக்க முடியும், வயலில் இறங்கவும் முடியும்.

வலிக்கு மெத்தை நல்லதா, கோரைப்பாயா? – வாசகர், பாபநாசம்

கட்டாந்தரையில் படுத்தால்தான் முதுகு நேராகும் என்று சொல்வதற்கு ஆதாரமில்லை. நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரை வைத்து ஸ்பெயினில் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், மிகக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்கே மூன்று மாத முடிவில் வலி குறைவாக இருந்தது. கோரைப்பாயில் நன்றாகத் தூங்கி விறைப்பில்லாமல் எழுகிறீர்கள் என்றால் மாற்றத் தேவையில்லை. நடுவில் குழிவிழுந்த கட்டிலையும், பஞ்சு ஒரு பக்கம் திரண்டுபோன மெத்தையையும் மட்டும் தவிருங்கள்.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சுமை தூக்குகிறேன். வயது 38. சீசன் காலத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டேதான் வேலை. மெடிக்கலில் காலையில் ஒரு செட், சாயங்காலம் ஒரு செட் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். தாங்காவிட்டால் ஊசி. சீசன் முடிந்தால் குறைந்துவிடுகிறது. இப்படியே ஓட்டலாமா? – வாசகர், ஒரத்தநாடு

ஓட்டக் கூடாது தம்பி. இடுப்பைவிட உங்கள் சிறுநீரகத்தை நினைத்தே இப்படிச் சொல்கிறேன்.

டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கின்றன. வெயிலில் மூட்டை சுமந்து, வியர்வையாக நீரை இழந்து, தண்ணீரும் போதுமான அளவு குடிக்காமல் இருக்கும் உடம்பில் அது இரட்டை அடியாக விழுகிறது. வயிற்றில் புண் வந்து ரத்தம் கசியலாம்; மலம் தாரைப்போல் கறுத்துப் போனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்த அழுத்தமும் ஏறும். மிகவும் வலிக்கும் சில நாள்களுக்கு, மருத்துவர் சொன்ன அளவில், சாப்பாட்டுக்குப் பின் இந்த மாத்திரைகளைச் சாப்பிடலாம், மாதக்கணக்கில் கூடாது. அதைவிட எனக்குக் கவலை தருவது அந்தச் செட்டில் இருக்கும் சின்ன மாத்திரை. சீட்டில்லாமல் பொட்டலமாக மடித்துத் தரும் மாத்திரைகளில் பெட்டாமெதசோன், டெக்சாமெதசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை அடிக்கடி பார்க்கிறோம். போட்டதும் புதுத்தெம்பு வந்ததுபோல் இருக்கும். போகப்போகச் சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும், முகம் உப்பும். பல வாரம் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து என்பதால் அந்தப் பொட்டலத்தை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைப் பாருங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் மூன்றையும் இந்த வாரமே பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

சுமை விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சிப்பம், அதாவது ஒரு நெல் மூட்டை, 40 கிலோ. சுமையை உடம்போடு ஒட்டி, திரும்பாமல், நல்ல உயரத்திலிருந்து எடுக்கும் மிக வசதியான நிலையிலேயே ஒருவர் தூக்க 23 கிலோ போதும் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனத்தின் கணக்கு. உங்கள் வேலை அதைத் தாண்டியது. முழங்காலை மடக்கித் தூக்கக் கற்றுக்கொடுத்தால் வலி வராது என்று பல இடங்களில் பயிற்சி தருகிறார்கள். அத்தகைய பயிற்சி மட்டும் இடுப்பு வலியைத் தடுத்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. பயன்படுவன வேறு. தரையிலிருந்து தனியாக எடுக்காமல் இருவர் பிடித்து ஏற்றிவிடுவது, சிப்பத்தைத் தோளில் வைத்துக்கொண்டு இடுப்பை மட்டும் முறுக்காமல் காலை எடுத்துவைத்துத் திரும்புவது, அடுக்கிய மூட்டைகளான அட்டியின் மேல் வரிசைக்குப் பலகை போட்டு ஏறுவது, தூக்குபவரும் தைப்பவரும் முறைமாற்றிக்கொள்வது ஆகியவை நாளின் மொத்தச் சுமையைக் குறைக்கும். இடைப்பட்ட மாதங்களில் உடம்பைச் சும்மா விட்டுவிட்டுச் சீசனின் முதல் நாளே முழு வேகத்தில் இறங்குவதுதான் பலருக்கு வலியைத் தொடக்கிவிடுகிறது. இரண்டு மாதம் முன்பே பாதி நெல் அடைத்த சாக்கைத் தூக்கி இறக்கிப் பழகி எடையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். சிப்பத்தை ஏற்றி இறக்க எளிய இயந்திரங்கள் இருக்கின்றன. அவற்றைக் கேட்டு வாங்கித் தருவது உங்கள் சங்கத்தின் வேலை; மருத்துவர்களாகிய நாங்களும் அதற்குக் குரல் கொடுக்க வேண்டும்.

எனக்கு 29 வயது. மூன்று ஆண்டுக்கு முன் சிசேரியனில் குழந்தை பிறந்தது. முதுகில் ஊசி போட்டதிலிருந்து இடுப்பு வலிக்கிறது. அந்த ஊசியின் பாதிப்பு ஆயுள் முழுக்க இருக்குமா? – வாசகி, மயிலாடுதுறை

இருக்காது. அந்த ஊசி மிக மெல்லியது. தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழேதான் அதைச் செலுத்துகிறார்கள். குத்திய இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். பிரசவத்தின்போது முதுகில் மரப்பூசி போட்டுக்கொண்டவர்களையும் போட்டுக்கொள்ளாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், நீண்டநாள் இடுப்பு வலி இரு பிரிவிலும் ஒரே அளவில்தான் இருந்தது. சுகப்பிரசவமான உங்கள் அக்காமார்களையும் நாத்தனார்களையும் கேட்டுப் பாருங்கள். பலர் தங்களுக்கும் வலிக்கிறது என்பார்கள். கர்ப்பத்தில் வயிற்றுத் தசைகள் விரிந்து தளர்கின்றன, இடுப்பு மூட்டின் இணைப்புகள் இளகுகின்றன; பிறகு குழந்தையை ஒரே பக்க இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டு வேலை, அரைத் தூக்கம், குனிந்தபடியே பாலூட்டல். நல்ல ஓய்வும் வயிற்றுத் தசைப் பயிற்சியும் கிடைக்க வேண்டிய மாதங்களில் இவை இரண்டுமே கிடைப்பதில்லை. மூன்று ஆண்டு கழிந்தாலும் பயிற்சியைத் தொடங்கலாம். பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் இரண்டு மூன்று முறை கற்றுக்கொண்டு வீட்டில் செய்தால் போதும்.

இதனோடு சேர்த்து ஒன்றைச் சொல்ல வேண்டும். வெள்ளைப்படுவதால் எலும்பு உருகி இடுப்பு வலிக்கிறது என்று எழுதியிருக்கும் பெண்கள் பலர். எலும்பு அப்படி உருகுவதில்லை. நாற்றமோ அரிப்போ இருந்தால் அது தொற்று, மருந்தில் தீரும். இடுப்பு வலிக்காகக் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், வேறொரு மகப்பேறு மருத்துவரைக் கேட்காமல் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். கர்ப்பப்பை போனபின்னும் வலி அப்படியே இருக்க, இளவயதில் சினைப்பையும் சேர்ந்து போனால் எலும்பு உண்மையிலேயே பலமிழக்கும்.

ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கிறது. எனக்கோ உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மனசுதான் காரணம் என்கிறார் மருத்துவர். வேலைக்குச் சோம்பிக்கொண்டு நடிக்கிறேன் என்கிறார் மாமியார். – வாசகி, நாகப்பட்டினம்

நீங்கள் நடிக்கவில்லை. உங்களுக்கு இருப்பது உண்மையான வலி. இதை எழுத்தில் தருகிறேன், வீட்டில் காட்டுங்கள்.

வலியை உணர்வது மூளை. அடிபட்ட இடத்திலிருந்து வரும் செய்தியோடு, தூக்கம், கவலை, முன் அனுபவம், இனி என்ன ஆகுமோ என்ற பயம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தே அது வலியின் அளவைத் தீர்மானிக்கிறது. களத்துமேட்டில் காவலுக்குக் கட்டிய நாய், ஒருமுறை திருடன் வந்துபோன பிறகு பல நாள் இலை அசைந்தாலும் குரைக்கும். அது பொய்யாகக் குரைக்கவில்லை. காவல் உணர்வு அளவுக்கு மீறி விழித்துவிட்டது. நாள்பட்ட வலியில் நரம்பு மண்டலத்துக்கு நேர்வது இதுதான். வலியை ஆராயும் பன்னாட்டுச் சங்கம் 2020இல் திருத்திய வரையறையும், திசுக்களில் சேதம் தெரியாவிட்டாலும் ஒருவர் சொல்லும் வலியை மதித்து ஏற்க வேண்டும் என்கிறது.

தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடுகிறது, வலி கூடினால் அன்றிரவும் தூக்கம் கெடுகிறது. கடன், குடும்பச் சண்டை, இழப்பு ஆகியவற்றை உடம்பு தனியாகவும் மனம் தனியாகவும் சுமப்பதில்லை. அதனால் சிகிச்சையும் இரண்டையும் சேர்த்தே அமைய வேண்டும். வலியைப் பற்றிய அச்சத்தைப் பேசித் தெளிவித்து, பயந்து விட்டுவிட்ட அசைவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பழக்கும் முறையை ஆஸ்திரேலியாவில் 492 பேரிடம் சோதித்து 2023இல் முடிவை வெளியிட்டார்கள்; சில அமர்வுகளிலேயே கிடைத்த பலன் ஓராண்டுக்குப் பின்னும் நிலைத்திருந்தது. மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஆலோசனை கேட்பதால் யாருக்கும் பைத்தியப் பட்டம் வந்துவிடாது. உங்கள் மாமியாருக்கும் என் வேண்டுகோள் இதுதான்: மருமகளை மாலையில் அரைமணி நேரம் நடக்க அனுப்புங்கள், முடிந்தால் கூட நீங்களும் போங்கள் அம்மா.

பட்டு நெசவாளி, வயது 52. ஐந்து வாரமாகப் பிட்டத்திலிருந்து சுண்டுவிரல்வரை மின்சாரம் பாய்வதுபோல் வலி. உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் கால் விழுந்துவிடும் என்கிறார்கள். – வாசகர், திருபுவனம்

முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் பத்து அடியும் முன்பாதத்தால் பத்து அடியும் நடந்து பாருங்கள். பாதத்தைத் தூக்க முடியவில்லை, நாளுக்கு நாள் பலம் குறைகிறது என்றால் தாமதிக்காமல் அறுவை மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர்ப் பிரச்சினை வந்தால் அன்றைக்கே போக வேண்டும் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். இவை இல்லை என்றால் அவசரம் இல்லை.

பிதுங்கிய ஜவ்வு நரம்பு வேரை அழுத்துவதால் கால் வலி வரும் என்பதை 1934இல் அமெரிக்க மருத்துவர்களான மிக்ஸ்டரும் பாரும் விளக்கிய பிறகு இந்த அறுவை சிகிச்சை பரவியது. பிதுங்கிய பகுதியை உடம்பே மெல்ல உறிஞ்சிச் சிறிதாக்கிவிடும் என்பது பிற்காலத்தில் தெரியவந்தது. நெதர்லாந்தில் கடுமையான கால் வலி உள்ள 283 பேரிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், விரைவில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி சீக்கிரம் குறைந்தது. காத்திருந்தவர்களில் 39 சதவீதத்தினர் பின்னர் அறுவைக்குப் போனார்கள். ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் 95 சதவீதத்தினர் குணமடைந்திருந்தார்கள். எனவே அறுவை தவறான சிகிச்சை இல்லை. தாங்க முடியாத வலி இரண்டு மாதத்துக்குப் பின்னும் தொடர்ந்தால் அதைத் தேர்ந்தெடுப்பது நியாயமே. ஆனால் முடிவை நீங்கள் நிதானமாக எடுக்க வேண்டும். பயமுறுத்தலுக்குப் பணிந்து எடுக்கக் கூடாது. இந்த வலிக்கு அதிகம் எழுதப்படும் பிரிகாபலின் மாத்திரை, ஒப்பிடுவதற்காகக் கொடுத்த மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட மேலான பலன் தரவில்லை, தலைச்சுற்றலே கூடியது என்று 2017இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள்.

குழித்தறியில் உட்காரும் பலகையின் மேல் கெட்டியான திண்டு போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். முழங்கால் இடுப்பைவிட மேலே ஏறாமல் இருக்கட்டும். நாலைந்து தார் (நாடாவில் வைக்கும் நூல் குழல்) தீர்ந்ததும் குழியிலிருந்து எழுந்து கூடத்தில் இரண்டு சுற்று நடந்துவிட்டு உட்காருங்கள்.

வயது 24. பாத்திரக் கடையில் வேலை. எட்டு மாதமாகக் காலையில் எழும்போது ஒரு மணி நேரம் முதுகு கட்டைபோல் இருக்கிறது. வேலை செய்யச் செய்யச் சரியாகிறது. லீவு நாளில் படுத்திருந்தால் அதிகமாகிறது. பின்னிரவில் வலியால் விழித்துக்கொள்கிறேன். – வாசகர், கும்பகோணம்

இது மற்றக் கடிதங்களில் உள்ள வலி அன்று. 45 வயதுக்குள் தொடங்குவது, அரைமணிக்கு மேல் காலை விறைப்பு, ஓய்வில் கூடி உழைப்பில் குறைவது, பின்னிரவில் எழுப்பிவிடுவது ஆகிய நான்கும் சேர்ந்தால் ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற அழற்சி நோயா என்று பார்க்க வேண்டும். இடுப்பெலும்பும் முதுகெலும்பும் சேரும் மூட்டில் தொடங்கி, பல ஆண்டுகளில் முதுகெலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடக்கூடிய நோய் இது. தொடக்கத்தில் எக்ஸ்ரே சரியாகவே இருக்கும் என்பதால் ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். வாத நோய் மருத்துவரைப் பார்த்து, அந்த மூட்டின் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் இந்த நோயோடு தொடர்புள்ள மரபணுவைப் பார்க்கும் ஹெச்.எல்.ஏ. பி27 ரத்தப் பரிசோதனையும் தேவையா என்று கேளுங்கள். ஒரத்தநாட்டு வாசகருக்கு வேண்டாம் என்ற அதே வலி மாத்திரைகள் இந்த நோய்க்கு முதல் மருந்து. மருத்துவர் கண்காணிப்பில் தொடர்ந்து சாப்பிட வேண்டியிருக்கலாம். புகைபிடித்தால் நிறுத்துங்கள். கண் சிவந்து வலித்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 61. இடுப்பு வலி வந்து வந்து போகிறது. யோகா, நடை, நீச்சல், ஜிம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைச் செய்வது? மறுபடி வராமல் தடுக்க முடியுமா? – வாசகி, பட்டுக்கோட்டை

இவற்றில் ஒன்று மற்றொன்றைவிட வெகுவாக உயர்ந்தது என்று இதுவரை நிரூபிக்கப்படவில்லை. உங்களுக்குப் பிடித்ததும், ஆண்டு முழுவதும் செய்யக்கூடியதும் எதுவோ அதுவே உங்களுக்கு நல்லது. செலவில்லாதது நடை. இடுப்பு வலி வந்து குணமான 701 பேரிடம் நடத்தி 2024இல் வெளியிட்ட ஆஸ்திரேலிய ஆய்வில், பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டுதலோடு படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்ப வர எடுத்துக்கொண்ட காலத்தின் நடுமதிப்பு (பாதிப் பேருக்கு வலி திரும்பிவரும் காலம்) 208 நாள். நடைப் பயிற்சி தராத பிரிவில் அது 112 நாள். அதாவது வலி வராமலே போய்விடும் என்ற உறுதியில்லை, தள்ளிப்போகிறது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி என்ற இலக்கை எட்டிப் பிடிக்க அவர்களுக்கு ஆறு மாதம் கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். முதல் வாரத்திலேயே அரைமணி நடந்து, குதிகால் வலியோடு நிறுத்திவிட வேண்டாம்.

உங்கள் வயதில் எலும்பு அடர்த்தியையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. சர்க்கரை நோய் இருந்தால் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. பயிற்சியைக் கற்றுக்கொள்ள அரசு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவுக்குப் போகலாம். நடமாட முடியாதவர்கள் வீட்டில் இருந்தால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார், கிராம செவிலியரிடம் சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள். வாய்க்கால் கரையில் நடப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் கரை வழுக்கும்போது நடையை நிறுத்திவிடுகிறார்கள். அந்த இரண்டு மாதமும் பள்ளி வராண்டாவிலோ கோயில் பிரகாரத்திலோ, சர்க்கரை உள்ளவர்கள் என்றால் காலணியோடு நடக்க முடிகிற கூரையுள்ள இடத்திலோ, அதே நிமிடக் கணக்கைத் தொடருங்கள்.